லாயத்தில் குதிரையை விட்டிருப்பவர் மல்லுக்கட்டினால் என்ன செய்வது?

கொழும்புக்கு வெளியே, ஹோமாகமப் பக்கம் ஒரு குதிரை லாயத்தைப் பொறுப்பாகப் பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். லாயத்தில் நிற்பவற்றில் பாதிக்கு மேல் வெளியாட்களின் குதிரைகள். மாதக் காசு கட்டி விட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒரு வியாபாரி பெரும் தலையிடியாக இருக்கிறாராம். மத்தியானம் ஒரு மணிக்கு வந்து சேணம் போடச் சொல்கிறார். இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் சொன்னார் என்று புல்லைக் குறைத்து ஓட்ஸைக் கூட்டச் சொல்கிறார். தான் வாங்கி வந்த சிவப்புத் தலைக்கயிற்றைத்தான் கட்ட வேண்டும் என்கிறார். பொடியன்மாரை எல்லோர் முன்னாலும் ஏசுகிறார். இரண்டு மாதக் காசு பாக்கி. முதலாளியிடம் சொன்னால், "ஆளை விட்டுடாதே, எப்படியாவது சமாளி" என்கிறார். இதுதான் கேள்வி.

தம்பி, நீங்கள் எழுதியதில் சிவப்புக் கயிற்றுக்கும் ஒரு மணி வெயிலுக்கும் ஒரே அளவு கோபம் தெரிகிறது. முதலில் அதைப் பிரியுங்கள். கயிற்றின் நிறம், எந்தச் சேணம், பிடரியைப் பின்னுவதா விடுவதா, குளிப்பாட்ட எந்த ஷாம்பூ, குதிரையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது, யாரிடம் சவாரி பழகுவது, இதெல்லாம் அவருடைய விருப்பம். காசு போட்டு வாங்கியவர் அவர். சிரித்த முகத்தோடு விட்டுக்கொடுங்கள். தண்ணீர், புல், வெயில், குளம்பு, காயம், மிருக வைத்தியர், இவை குதிரையின் தேவை. இவற்றில் அவரும் விட்டுக்கொடுக்கச் சொல்ல முடியாது, நீங்களும் விட்டுக்கொடுக்க முடியாது, உங்கள் முதலாளியும் முடியாது. முதல் வகையில் நீங்கள் தாராளமாக இருந்தால்தான் இரண்டாவது வகையில் உங்கள் "இல்லை"க்குப் பெறுமதி இருக்கும். எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்கும் ஆளின் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

இப்படிப்பட்ட சொந்தக்காரர்கள் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். கொழும்பில் குதிரை வாங்குகிறவர்களில் நிறையப் பேர் சவாரி பழகியவர்கள், ஆனால் குதிரை வளர்த்தவர்கள் இல்லை. அரை மணி நேரம் முதுகில் இருந்து இறங்கியதும் கடிவாளத்தை யாரோ வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் குதிரை ராத்திரி என்ன செய்கிறது, எத்தனை முறை லத்தி போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கம். பெரிய தொகை கொடுத்து வாங்கியாகிவிட்டது, ஏமாற்றுகிறார்களோ என்று ஒரு பயம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். அந்தப் பயம்தான் வெளியே அதிகாரமாக வருகிறது. எல்லோரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் மாதத்தில் அப்படி எடுத்துக்கொண்டு நடத்துவது நல்லது.

வெயில் விஷயத்துக்கு வருவோம், உடனடி ஆபத்து அதில்தான். குதிரையின் தசை செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு வெப்பமாகத்தான் போகிறது. அந்த வெப்பத்தை வெளியே தள்ள அதற்கு முக்கியமான வழி வியர்வை. வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். கொழும்பில் ஆண்டு முழுக்க மத்தியானத்தில் பெரும்பாலும் 30 பாகையை ஒட்டியே இருக்கும், காற்றும் எப்போதும் ஈரம். வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உப்பும் தண்ணீரும்தான் வீணாகும். குதிரையின் வியர்வையில் உப்பு நம்முடையதை விட அதிகம் என்பதையும் மறக்கக்கூடாது. இன்னொரு தொல்லை, வெளியூரிலிருந்து வந்த குதிரைகளில் சிலவற்றுக்கு இந்தச் சூட்டில் வியர்ப்பதே நின்றுபோகும். மூக்குத்துவாரம் விரிந்து, விலா அடித்துக்கொண்டு நிற்கும், ஆனால் சேணத்துக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தால் தோல் காய்ந்து கிடக்கும். அது பிடிவாதம் இல்லை, சோம்பலும் இல்லை. அப்படி ஒரு குதிரையை ஒரு மணி வெயிலில் ஓடவிட்டால் கீழே விழும்.

இதை அவரிடம் வாதமாகச் சொல்லாதீர்கள். "இந்த வெயிலில் முடியாது சேர்" என்றால் அவர் உங்களைச் சோம்பேறி என்பார். வெப்பமானியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் அவரைக் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லி, சும்மா நிற்கும் குதிரைக்கு அவர் கண் முன்னால் அளந்து காட்டுங்கள். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை வரை, நிமிடத்துக்கு மூச்சு 8 முதல் 16 வரை, நாடித்துடிப்பு 28 முதல் 44 வரை. நம்ம ஊர்ச் சூட்டில் மூச்சு கொஞ்சம் கூடலாம். நாடியை அவரையே பிடிக்கச் சொல்லுங்கள். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல்களை ஓட்டினால் மெல்லிய கயிறு போல ஒன்று உருளும். அதை எலும்போடு மெதுவாக அழுத்தி, 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் போதும். முதல் தடவை யாருக்கும் அகப்படாது. குதிரை தலையை ஆட்டும், விரல் நழுவும், அவர் பொறுமை இழப்பார். பக்கத்தில் நின்று அவர் விரலை நகர்த்திக் கொடுங்கள். துடிப்பு விரலில் தட்டும் அந்த நேரம் அவர் முகத்தைப் பாருங்கள், குரலே மாறிவிடும். அதற்குப் பிறகு, சவாரி முடிந்ததும் அதே மூன்றையும் அளந்து, லாயக் கதவில் தொங்கும் கொப்பியில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். 40 பாகையைத் தாண்டினால் வேலை நிறுத்தம், தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற வரியை அதே கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். அப்போது அவரை நிறுத்துவது நீங்கள் இல்லை, எண்தான்.

தண்ணீர் ஊற்றுவது பற்றியும் ஒரு வார்த்தை. சூடான குதிரைக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று இன்னமும் சொல்கிறார்கள். அது பிழை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்குக்கு முன்னால் இதைத் தனியாக ஆராய்ந்து, தாராளமாகக் குளிர்நீர் ஊற்றுவதே நல்லது என்று காட்டிவிட்டார்கள். நிழலில் நிறுத்தி, கழுத்து, மார்பு, விலா, தொடை என்று உடம்பு முழுக்க நிறுத்தாமல் ஊற்றுங்கள். குடிக்கவும் தடுக்காதீர்கள்.

சரி, நேரத்தை எப்படிப் பேசுவது? "மத்தியானம் கூடாது" என்று மட்டும் சொல்லாமல், "காலை ஆறிலிருந்து எட்டரை வரை, பின்னேரம் ஐந்துக்குப் பிறகு, எந்த நாள் வேண்டுமானாலும் குதிரை சேணத்தோடு தயாராக நிற்கும் சேர்" என்று சொல்லுங்கள். மத்தியானம்தான் வர முடியும் என்றால் வரட்டும், நிழலில் நிறுத்தித் துலக்கட்டும், கையால் புல் கொடுக்கட்டும். இந்த நேர அட்டவணை லாயத்தில் உள்ள எல்லாக் குதிரைக்கும் பொதுவாக இருக்க வேண்டும். முதலாளியின் நண்பர் வந்தால் மட்டும் பன்னிரண்டு மணிக்குச் சேணம் ஏறுகிறது என்றால் உங்கள் விதிக்கு மரியாதை கிடையாது.

தீனி விஷயம் இன்னும் நுணுக்கமானது. அந்த இங்கிலாந்து நண்பர் சொன்னது அவர் குதிரைக்குச் சரியாக இருக்கலாம். குளிர்நாட்டில், காய்ந்த புல்லைக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்து, தினமும் கடுமையாக வேலை வாங்கும் இடத்தில் ஓட்ஸுக்கு அர்த்தம் உண்டு. இங்கே வாரத்துக்கு மூன்று நாள் முக்கால் மணி நேரம் நடக்கும் குதிரைக்கு மாவுச்சத்தைக் கூட்டிப் புல்லைக் குறைத்தால் வயிற்றுவலிக்கும் குளம்பு அழற்சிக்கும் வழி விடுகிறீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதை அவருக்கு ஒருமுறை சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது. உள்ளே போனது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குடலோடுதான் போராட வேண்டும்.

புல்லின் அளவையும் கணக்காகக் காட்டலாம். உலர்நிலையில் பார்த்தால் உடல் எடையில் குறைந்தது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நார்த்தீனி வேண்டும். 450 கிலோக் குதிரைக்கு அது ஏறத்தாழ 7 கிலோ. மழைக்காலத்தில் வெட்டி வரும் கோ-3 என்ற உயரமான தீனிப்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான், ஆகவே பச்சையாக 35 கிலோ போட்டால்தான் அந்த 7 கிலோ தேறும். அவர் கண்ணுக்கு அது மலை போலக் குவிந்து தெரியும், "இவ்வளவு புல்லா, அதனால்தான் வயிறு தொங்குகிறது" என்பார். தராசில் ஒரு கட்டைத் தூக்கி வைத்து இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அப்புறம், குதிரை மெலிந்தது என்று சிலர் அரிசித் தவிட்டை அள்ளிப் போடச் சொல்வார்கள். தவிட்டில் பொஸ்பரஸ் கல்சியத்தை விடப் பத்து மடங்குக்கும் மேல். இந்த உயரமான புல்வகைகளில் இருக்கும் ஒக்சலேட் என்ற பொருளும் கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை உருவும், மாதக்கணக்கில் போனால் முகத்தெலும்பே வீங்கிவிடும். தவிடு போடுவதானால் அளவோடு, மிருக வைத்தியர் சொல்லும் கல்சியத்தோடு.

அவர் பிடிவாதமாக ஒரு புதுத் தீனியைத்தான் கொடுக்க வேண்டும் என்று நின்றால், அது நஞ்சில்லை என்றால், ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே நாளில் இல்லை, பத்துப் பதினான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. புல்லும் குறையாது. இதுதான் பேரம் பேசக்கூடிய இடம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாகப் பாருங்கள். உங்களிடம் நடக்காததை இப்படிப்பட்டவர்கள் பொடியன்மாரிடம் நடத்திக்கொள்வார்கள். போகும்போது கையில் ஆயிரம் ரூபாயை வைத்து, "ராத்திரிக்கு இன்னும் ரெண்டு டப்பா போடு, மற்றவருக்குச் சொல்லாதே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பொடியன் என்ன செய்வான்? அவனுக்கு அது ஒருநாள் வீட்டுச் செலவு. விடிகாலை குதிரை வயிற்றுவலியில் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, காலால் தரையைக் கிளறிக்கொண்டு நின்றால், பழி அவன் தலையில் விழும், கடைசியில் உங்கள் தலையில். பொடியனை ஏசாதீர்கள். "காசு தந்தால் வாங்கிக்கொள், என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லு, உனக்கு ஒன்றும் ஆகாது" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தீனி அறைச் சாவி உங்களிடம் இருக்கட்டும். ஒவ்வொரு குதிரைக்கும் இரவுத் தீனியை நீங்களே நிறுத்து, பெயர் போட்ட வாளியில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஏசுவது பற்றி எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பொடியன்மாரை யாரும் ஏச விடக்கூடாது. குதிரை பார்க்கத் தெரிந்த ஆட்கள் கொழும்பில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஒரு நல்ல பொடியன் விட்டுப் போனால் அந்த இடத்தை நிரப்ப மாதங்கள் ஆகும். அதை விட, பயந்த கை குதிரையைப் பிடித்தால் குதிரையும் பயப்படும், அது கையைக் கடிப்பதும் காலால் உதைப்பதும் அப்படித்தான் தொடங்கும். அவர் ஏசும்போது நடுவில் போய் நில்லுங்கள். "சேர், பிழை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி அவரை அலுவலகப் பக்கம் அழைத்துப் போங்கள். பொடியனை வேறு வேலைக்கு அனுப்புங்கள். அங்கேயே, ஆட்கள் முன்னால் அவரைத் திருத்தப் போகாதீர்கள், அவமானப்பட்டதாக நினைத்தால் இன்னும் ஏறுவார். அடுத்த நாள் அவர் ஆறியிருக்கும்போது தனியாக, நேரே, சிரிக்காமல் சொல்லுங்கள்: "சேர், பொடியன்மாருக்கு வேலை சொல்வது நான் மட்டும்தான். இது எல்லோருக்கும் ஒரே விதி." பெரும்பாலும் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கும். அவர் இங்கிலிஷில் கத்துவார், பொடியனுக்குச் சிங்களமோ தமிழோ மட்டும் தெரியும், பாதி விளங்காமல் தலையாட்டிவிட்டுப் போவான், பிறகு "சொன்னதைச் செய்யவில்லை" என்று அடுத்த சண்டை. அவர் கேட்டதை நீங்கள் வாங்கி, இரண்டு மொழியிலும் பலகையில் எழுதிப் போட்டால் அந்தச் சண்டையில் பாதி எழாது.

இனி எழுத்து. வாயால் பேசியது எதுவும் நிற்காது, அவரோடு மட்டும் இல்லை, எல்லோரோடும். இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் போதும். மாதக் காசில் எது அடங்கும், எது தனி என்று தெளிவாக இருக்க வேண்டும்: லாடம், தடுப்பூசி, பூச்சி மருந்து, டொக்டர் செலவு. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் கட்டாயம் வருவார், அந்தச் செலவைத் தள்ளிப்போட முடியாது என்று எழுதுங்கள். மே முதல் செப்டெம்பர் வரையும், பிறகு ஒக்டோபர், நவம்பர் மழையிலும் குளம்பின் அடியில் அழுகல் பிடிக்கும் ஊர் இது, குளம்பைத் தவணை பார்த்துத்தான் ஆக வேண்டும். ஏற்பு வலி (டெட்டனஸ்) தடுப்பூசியையும் விட முடியாது, குதிரைக்கு அந்த நோய் மிகச் சுலபமாகத் தொற்றும். தீனி விலை ஏறினால் மாதக் காசு ஏறும் என்ற வரியும் வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி ஓராண்டில் ஏறத்தாழ 70 வீதம் ஏறியதைப் பார்த்தவர்கள் நாம், பழைய தொகையில் யாரும் லாயம் நடத்த முடியாது.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமான வரி, அவசரத்தில் மிருக வைத்தியரைக் கூப்பிடும் அதிகாரம். ராத்திரி இரண்டு மணிக்குக் குதிரை புரள்கிறது, அவர் போனை எடுக்கவில்லை, வெளிநாட்டில் இருக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? எவ்வளவு தொகை வரை அவரைக் கேட்காமல் செலவழிக்கலாம், அவர் கிடைக்காவிட்டால் யார் முடிவு எடுப்பார், காப்பாற்ற முடியாத நிலை என்று வைத்தியர் சொன்னால் குதிரையைக் கஷ்டப்படாமல் விடுவிக்க யார் சம்மதம் தருவார், எல்லாம் முன்பே கையெழுத்தாக இருக்க வேண்டும். குதிரை பார்த்துப் பழகிய வைத்தியர்கள் இங்கே மிகக் குறைவு. நாட்டின் மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது, கடுகண்ணாவை ஏற்றம் ஏறிப் போக வேண்டும், வயிற்றுவலியில் நிற்கும் குதிரையை லொறியில் ஏற்றி அந்தத் தூரம் கொண்டுபோவது சின்ன முடிவு இல்லை. அந்த நேரத்தில் "யாரைக் கேட்டுக் கூப்பிட்டாய்" என்ற சண்டைக்கு இடமே இருக்கக்கூடாது.

பாக்கிக் காசுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். திகதி, தொகை, எந்த மாதம், எத்தனை நாளில் கட்ட வேண்டும். வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்புங்கள். கோபச் சொல் ஒன்றும் வேண்டாம். காசு வரவில்லை என்று தீனியைக் குறைக்கவே குறைக்காதீர்கள். குதிரை உங்கள் பொறுப்பில் நிற்கும்வரை அதன் வயிறும் உங்கள் பொறுப்பு. 1907 முதல் நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, பட்டினி கிடந்த குதிரையின் படம் ஒன்று வெளியே போனால் பாக்கி வைத்தவரை யாரும் கேட்க மாட்டார்கள், உங்களைத்தான் கேட்பார்கள். காசு கட்டும்வரை குதிரையைக் கொடுக்காமல் வைத்திருக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சட்டத்தரணி ஒருவரைக் கேட்காமல் அதில் கை வைக்காதீர்கள். அதற்கு முன்னால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. செலவில்லை, இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளுக்குப் பொருத்தமான இடம். உங்கள் கொப்பியும் கடிதமும் அங்கே பேசும்.

முதலாளியைத் தனியாகச் சந்தியுங்கள். அவர் "ஆளை விட்டுடாதே" என்பது ஒரு மாத வருமானத்தை நினைத்து. அவரிடம் குதிரைப் பாசத்தைப் பேசுவதை விடக் கணக்கைப் பேசுங்கள்: இரண்டு மாதப் பாக்கி, ஒரு பொடியன் விட்டுப் போனால் வரும் நட்டம், மற்றச் சொந்தக்காரர்கள் இந்த ஏச்சைக் கேட்டு வேறு இடம் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும். ஒன்றை மட்டும் தெளிவாக வாங்கிக்கொள்ளுங்கள்: தீனி, வெயில், வைத்தியர் மூன்றிலும் நீங்கள் சொன்னதை அவர் மாற்ற மாட்டார் என்ற வாக்கு. அந்த வாக்கு கிடைக்காவிட்டால், தம்பி, பிரச்சினை அந்த வியாபாரி இல்லை. வேறு லாயம் தேடுவதைப் பற்றி நீங்களும் யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து மூன்று மாதத்தில் மாற்றம் இல்லை என்றால் போகச் சொல்லுங்கள். முப்பது நாள் அவகாசம் கொடுத்து, காரணம் நீட்டாமல், எழுத்தில். வேறு யாரிடமும் அவரைப் பற்றிக் குறை சொல்ல வேண்டாம், கொழும்பில் குதிரை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். போகும் நாளில் குதிரையை நாலு பக்கமும் படம் எடுங்கள், கால்களையும் குளம்புகளையும் கிட்டத்தில் எடுங்கள். தடுப்பூசி, லாடம், மருந்து எல்லாத் திகதியும் உள்ள தாளில் ஒரு பிரதி கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். லொறியை விடியற்காலையில் வரச் சொல்லுங்கள், மத்தியானம் தெருவில் நெரிசலில் நிற்கக்கூடாது. கூடவே அது இங்கே தின்று பழகிய தீனியில் ஒரு வாரத்துக்கானதை மூட்டை கட்டி ஏற்றிவிடுங்கள், காசு கேட்காமல். புது இடத்தில் ஒரே நாளில் தீனி மாறினால் வயிற்றுவலி வருவது அந்தக் குதிரைக்குத்தான்.